சாவி யாருகிட்டீங்க இருக்கும்?

நல்லூத்துப்பதி,
தொண்டாமுத்தூர் வழி, கோவை.
6.11.2024

அக்காவுக்குத் தம்பி பிரவின்குமார் எழுதுவது. நான் நலம். நீ, மாமா, சைதன்யா மூவரும் நலமா? சைதன்யாவுக்குச் சளி விட்டதா? நலம் விசாரித்தாகிவிட்டது, விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசினால் பாதியில் வெட்டிவிடுகிறேன், இனி எழுதித்தான் அனுப்பணும் என்று தீபாவளியன்று நீ போட்ட உத்தரவுப்படி இந்தக் கடிதம். கிளை போஸ்ட் ஆபீஸுக்குப் போஸ்ட் மாஸ்டர் ஆனதும் தம்பியிடமே வியாபாரம் பிடிக்கிறாய். நடத்து.

வேலை இதுதான். ஊரே சேர்ந்து சொந்தமாக ஒரு சோலார் நிலையம் வைத்துக்கொள்வது. முப்பது கிலோவாட். அந்தக் கரண்டில் காய்கறி வைக்க ஒரு கோல்ட் ரூம். காட்டோரப் பாதையில் யானை நின்றால் தெரிகிற மாதிரி பதினெட்டு விளக்கு. மிஞ்சின கரண்டு லைனுக்குப் போய், சேர்ந்த வீடுகளின் பில்லில் கழியும். பெரும்பங்குச் செலவு எங்கள் நிறுவனத்துடையது. ஊர் ஒரு சங்கம் அமைக்க வேண்டும், அவ்வளவுதான். ஊர்ப்பக்கம் அறுபத்தாறு, காலனியில் ஐம்பத்திரண்டு, ஆக நூற்றுப் பதினெட்டு வீடு. அதில் எண்பது வீடு மார்ச் 31க்குள் கையெழுத்துப் போட வேண்டும். எழுபத்தொன்பது என்றால் பேனல் வேறு ஊருக்குப் போய்விடும். நல்ல திட்டம், யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு வாரத்தில் முடித்துவிடுவேன்.

தங்கியிருப்பது பாலுசாமி அய்யா வீட்டு மாடியில். பதினாறு ஏக்கர் தோட்டக்காரர், நல்ல மனிதர். அவர் மனைவி குழந்தையம்மாள் காலையில் எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தனுப்புகிறார். வந்த அன்றே, "தம்பி எந்தூருங்க? அப்பா என்ன பண்றாருங்க?" என்று அய்யா கேட்டார். பொள்ளாச்சிப் பக்கம், தென்னந்தோப்பு என்றேன். "அப்ப நம்மாளுதான்" என்று மாடிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

பிரவின்


சென்னிமலை,
14.11.2024

கண்ணு பிரவினுக்கு,

அக்கா சண்முகப்ரியா. இங்கே எல்லாரும் சௌக்கியம். தீபாவளிப் போர்வை ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டு மாமா முதுகைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். சைதன்யாவுக்குச் சளி விட்டது, வாய்தான் விடவில்லை. நீ சாப்பிடுகிறாயா? அதைத் தவிர எல்லாம் எழுதியிருக்கிறாய்.

கவரில் பின்கோடு போடவில்லை. இதில் இஞ்சினியர் வேறு.

ரெண்டு வாரத்தில் எண்பது கையெழுத்தா? நான் ஒரு சேமிப்புக் கணக்கு பிடிக்க ஒரே வீட்டுக்கு ஏழு தடவை போகிறேன். அதில் ஆறு தடவை மாட்டைப் பற்றித்தான் பேசுவோம்.

அப்பா போன வாரம் வந்திருந்தார். நீ சோலார் வைக்கிற ஊரை ஒருதரம் பார்க்கணுமாம். "அதுக்கு மோட்டார் போட ஆளே வேண்டாமாமே, அது எப்படி அம்மணி?" என்று என்னைக் கேட்கிறார். எனக்கென்ன தெரியும்? அவரை எப்போது வரச் சொல்லட்டும்? மறக்காமல் எழுது.

அக்கா


நல்லூத்துப்பதி,
9.12.2024

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பின்கோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

நேற்று முதல் கூட்டம். பாலுசாமி அய்யா களத்தில் நாற்பது நாற்காலி, புரொஜெக்டர், எல்லாம் பக்கா. முதல் படமே பெரிய எழுத்தில், 'உங்கள் மின்கட்டணம் பாதியாகும்'. ஊர்ப்பக்கத்துக்காரர்கள் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். காலனியிலிருந்து முப்பது பேர் வந்து, நாற்காலி காலியாக இருந்தும், கம்பிவேலி ஓரமாகவே நின்றார்கள். எத்தனை தரம் கூப்பிட்டும், "இருக்கட்டுங்க, நின்னுக்கறமுங்க" என்றுதான் பதில். அவர்களில் மெர்சி என்று ஒரு அம்மா. டவுனில் ரோட்டோரம் கூடை வைத்துக் காய் விற்கிறவர். கையைத் தூக்கினார்.

"ஏனுங்க சார், பாதின்னா எவ்வளவுங்க?"

"இப்ப நீங்க கட்டறதுல பாதிங்க."

"நாங்க ஒண்ணும் கட்டறதில்லீங்களே. பூஜ்யத்துல பாதி எவ்வளவுங்க சார்?"

களமே சிரித்தது. பாலுசாமி அய்யாவும் சிரித்தார். எனக்கு அப்புறம்தான் உறைத்தது. முதல் நூறு யூனிட் இலவசம். காலனி வீட்டில் ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன், ஒரு டிவி. நூறைத் தாண்டவே தாண்டாது. சரி, தப்பு என்னுடையது.

அதோடு விட்டாரா? "அந்த கோல்ட் ரூமு எங்கீங்க வருது?" என்றார். இதே களத்தில், அய்யா இடம் தருகிறார் என்றேன். "அப்ப சாவி யாருகிட்டீங்க இருக்கும்?" என்றார். நீயே சொல்லு, இது ஒரு கேள்வியா? கம்ப்ரஸர் எத்தனை வருஷம் வரும், பேட்டரி யார் மாற்றுவது, எதையும் கேட்கவில்லை. பூட்டு சாவி பற்றிக் கேட்கிறார். அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

முப்பத்தாறு கையெழுத்து. அத்தனையும் ஊர்ப்பக்கம். காலனியில் ஒன்றுகூட இல்லை. ஊர்ப்பக்கம் முழுக்கப் போட்டாலும் அறுபத்தாறுதான். காலனி வராவிட்டால் திட்டம் காலி.

மாமாவை டாக்டரிடம் முதுகைக் காட்டச் சொல்.

பிரவின்


சென்னிமலை,
17.12.2024

கண்ணு பிரவினுக்கு,

இங்கே யாவரும் சௌக்கியம். மாமா டாக்டரிடம் போனார், பத்து நாள் தறியில் உட்காரக் கூடாது என்று அவர் சொன்னார், மாமா மூன்றாம் நாளே உட்கார்ந்துவிட்டார்.

பூஜ்யத்தில் பாதி என்று படித்ததும் ஆபீஸில் தனியாகச் சிரித்தேன். பென்ஷன் வாங்க வந்த அழகிரிசாமி பயந்துபோய்த் தண்ணி கொண்டுவந்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நம்ம வீட்டுக்கு என்னைக்கடா பில்லு வந்தது? மீட்டர் பார்க்க வருகிறவர் அட்டையில் சுழி போட்டுவிட்டுப் போவார். அட்டை நிறைந்ததும் அதன் பின்பக்கத்தில்தான் நீ கணக்குப் போட்டுப் படித்தாய். அது எப்படி மறந்தது?

அந்த முப்பது பேர் அந்தக் களத்தில் ஏன் உட்காரவில்லை என்று உனக்குத் தெரியாதா? அதையும் நான்தான் எழுதணுமா?

அப்பா வருவதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. வேலையில் விட்டுப்போயிருக்கும். எப்போது வரட்டும்?

அக்கா


நல்லூத்துப்பதி,
9.1.2025

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் மோசம்.

காலனியில் வீடு வீடாகப் போனேன். ஐம்பத்திரண்டு வீடு, மூன்று நாள். ஒருத்தர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. "ஆகட்டுங்க." "பாக்கலாமுங்க." "ஊட்ல கேட்டுப்போட்டுச் சொல்றமுங்க." அத்தனையையும் டேப்லெட்டில் சம்மதம் என்று பதிந்து, மொத்தம் எண்பத்தெட்டு என்று ஆபீஸுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் கையெழுத்து வாங்க மேசை போட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை ஒரே ஒரு ஆள் வந்தார். அவரும் தீப்பெட்டி இருக்குங்களா என்று கேட்க வந்தவர். கொங்கு நாட்டில் பிறந்தவன் இந்தத் தப்பைச் செய்யக் கூடாது. செய்துபோட்டேன். இப்போது என் மேலதிகாரி பிரத்யுஷா மேடம் எண்பத்தெட்டு எங்கே என்று கேட்டுத் தினமும் மெயில் அனுப்புகிறார்.

மெர்சியை நேற்று பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கூடையில் வாடின கொத்தமல்லி. நேராகவே கேட்டுவிட்டேன், உங்களுக்கு கோல்ட் ரூம் வேண்டாமா என்று.

"வேண்டாம்னு யாருங்க சொன்னது? மிஞ்சின காயைத் தினமும் மாட்டுக்குப் போடறவளுக்குத் தெரியாதுங்களா அதோட அருமை? நீங்கதான் சாவிக்குப் பதிலே சொல்லலீங்களே."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். பிடிவாதம்.

பொங்கலுக்கு வர முடியாது. வேலை.

பிரவின்


சென்னிமலை,
20.1.2025

பிரவினுக்கு,

எல்லாரும் சௌக்கியம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். உனக்கென்று அம்மா சுட்டு எடுத்து வைத்த வெல்லக் கச்சாயத்தை மூன்றாம் நாள் சைதன்யாவிடம் கொடுத்துவிட்டாள். அப்பா உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மெர்சி கேட்டது கேள்விதான். கோவிந்தராஜுலு தோட்டத்தில் நம்ம அப்பா இருபத்தாறு வருஷம் மோட்டார் போட்டார். த்ரீ பேஸ் கரண்டு எந்த நேரத்துக்கு வந்தாலும் போவார். ஆனால் மோட்டார் ரூம் சாவி ஒரு நாள்கூட அவரிடம் இருந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் பெரிய வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று "சாவிங்க" என்று குரல் கொடுக்கணும். யாராவது எழுந்து வந்து, சாவியை கேட்டின் மேல் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் திரும்பி நடந்த பிறகுதான் எடுக்கணும். நீயும் பக்கத்தில் நின்றிருக்கிறாய். விடியக் கருக்கலில், முதல் பஸ்ஸுக்கு முன்னால், யார் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுக்கணும் என்றுதான் அந்த அம்மா கேட்கிறார்.

இன்னொன்று. தென்னந்தோப்பு என்று சொன்னதாக எழுதியிருந்தாய். யாருடைய தோப்பு என்றும் சொன்னாயா?

அப்பா வரட்டுமா என்று இரண்டு கடிதத்தில் கேட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. இதில் கேட்கவில்லை.

சண்முகப்ரியா


(தபால் கார்டு)
12.2.2025

பிரவினு, இங்கே எல்லாரும் நலம். கோபத்தில் எழுதிவிட்டேன், ஆனால் எழுதினது எதுவும் தப்பில்லை. மூன்று வாரமாகத் தபால் பை வந்ததும் முதலில் நானே பிரித்துப் பார்க்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. அக்கா.


நல்லூத்துப்பதி,
28.2.2025

அக்காவுக்கு,

நலம்தான். இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

சொல்லிவிடுகிறேன். தென்னந்தோப்பு என்று சொன்ன மறுநாள், "எத்தன ஏக்கருங்க?" என்று அய்யா கேட்டார். பன்னிரண்டு என்றேன். கோவிந்தராஜுலு தோட்டத்தின் அளவு. வாயில் வந்துவிட்டது. அப்புறம் மூன்று மாதமாக அந்தப் பன்னிரண்டு ஏக்கரைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். அப்பா பஸ்ஸை விட்டு இறங்கினால் அது போய்விடும். அதனால்தான் உனக்குப் பதில் எழுதவில்லை. அசிங்கம்தான். எழுதிவிட்டேன்.

போன சனிக்கிழமை மெர்சி வீட்டுக்குப் போனேன். டேப்லெட்டை எடுத்துப் போகவில்லை. "எங்கூட்டு பில்லும் பூஜ்யம்தானுங்க" என்றேன். நம்பவில்லை. எந்தக் காலனி, எந்தத் தோட்டம் என்று குறுக்குக் கேள்வி கேட்டார். கேட்டின் மேல் சாவி வைக்கிற கதையைச் சொன்னேன். கூடையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருந்தா அந்தப் பொம்மப் படமெல்லாம் காட்டியிருக்க வேண்டியதில்லீங்களே சார்" என்றார். அவர் கணவர் சாமுவேல் டீ போட்டுக் கொடுத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். நான் பேசினது கொஞ்சம். கோல்ட் ரூம் களத்தில் வேண்டாம், பஸ் ஸ்டாப் பக்கத்துப் பொது இடத்தில் வரட்டும். சாவி ரெண்டு, ஒன்று காலனியில், ஒன்று ஊர்ப்பக்கம். சங்கத்து நிர்வாகத்தில் பாதிப் பேர் காலனிக்காரர். எல்லாம் அவர்கள் சொன்னது, நான் எழுதிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே பாலுசாமி அய்யாவிடம் சொன்னேன். "ஏக்கர் பொய்யுங்க. எங்கப்பா அந்தத் தோட்டத்துல மோட்டார் போட்டவருங்க." துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு "ஆகட்டுங்க" என்றார். இந்தத் தடவை அதன் பொருள் எனக்குத் தெரியும். மறுநாள் காபி வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தது, பேப்பர் கப்பில்.

குடித்தேன். ஊர்ப்பக்கத்தையும் சேர்த்துத்தானே எண்பது.

மார்ச் 30 ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து பதினொரு மணிக்கு, பஸ் ஸ்டாப் மைதானத்தில் கடைசிக் கூட்டம். அப்பாவை வரச் சொல். உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து கூட்டிக்கொள்கிறேன்.

பிரவின்


சென்னிமலை,
6.3.2025

கண்ணு பிரவினுக்கு,

யாவரும் சௌக்கியம். அப்பா இங்கேதான் இருக்கிறார். உன் கடிதத்தைப் படிக்கச் சொன்னார், முழுக்கப் படித்தேன். பன்னிரண்டு ஏக்கர் என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "பதினாலு" என்றார். "அளவு தெரியாமயா பொய் சொல்லுவான்?"

எழுந்து போய் வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கூட்டத்துக்கு இன்னும் இருபத்து நாலு நாள் இருக்கிறது.

வருவார்.

அக்கா


நல்லூத்துப்பதி,
1.4.2025

அக்காவுக்கு,

நலம். ரொம்ப நலம்.

தொண்ணூற்று நாலு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நாற்காலியே போடவில்லை. மைதானத்தில் படுதா விரித்தோம், எல்லாரும் தரையில். ரூம் எங்கே, சாவி எப்படி என்று நான் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தேன். பாலுசாமி அய்யா எழுந்தார். "எங்க தோட்டத்துக் காய் உள்ள இருக்கும். சாவி அவிங்ககிட்ட இருக்குமா? அது எப்படீங்க சரியாகும்?" ஊர்ப்பக்கம் முழுக்கத் தலையாட்டியது. காலனிப் பெண்கள் எழுந்து முந்தானையை உதறினார்கள். போச்சு என்று நினைத்தேன்.

பின்வரிசையிலிருந்து குழந்தையம்மாள் குரல்.

"ஏனுங்க, வெடியால நாலு மணிக்கு வந்து சாவி கேட்டா எந்திரிச்சுக் குடுக்கறது யாருங்க? நீங்களா?"

அய்யா திரும்பிப் பார்த்தார்.

"பாலுக்காரனுக்கு நானு, மோட்டாருக்கு நானு, இனி தக்காளிக்கும் நானா? முப்பது வருசமா எந்திரிக்கறேனுங்க. எனக்கு முடியாது. அவிங்க காயை அவிங்களே தொறந்து எடுத்துக்கட்டும். நம்ம காயைத் தூக்கிட்டு எங்கீங்க போயிருவாங்க, இதே பஸ்ஸுலதான போகோணும்?"

முதலில் மெர்சி சிரித்தார். அப்புறம் ரெண்டு பக்கத்துப் பெண்களும் சிரித்தார்கள். அய்யா உட்கார்ந்துவிட்டார். கையெழுத்தை வாபஸ் வாங்கவில்லை. மெர்சி வந்து முதலில் போட்டார், அப்புறம் எல்லாரும் வரிசை கட்டினார்கள். இருபத்து நாலு வீடு போடவில்லை. அதில் ஏழு வீட்டுக்கு என் மேல்தான் கோபம். நியாயம். ஏழு தடவை போகிறேன். மாட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

கூட்டம் கலையும்போது அய்யா அப்பாவிடம் வந்தார்.

"நீங்கதான் மோட்டார் போட்டவருங்களா? எத்தன ஹெச்.பி.ங்க?"

"ஏழரைங்க. என் காலத்துல நாலு தரம் காயில் எரிஞ்சு போச்சுங்க."

"எனக்கு வருசத்துக்கு ஒண்ணு போகுதுங்க."

"பேஸ் பாக்காம போடறாங்க போலிருக்குங்க."

அரை மணி நேரம் ரெண்டு பேரும் மோட்டார் காயிலைப் பற்றியே பேசினார்கள். குழந்தையம்மாள் ரெண்டு பேருக்கும் காபி கொண்டுவந்தார். ரெண்டும் எவர்சில்வர்.

பிரவின்


நல்லூத்துப்பதி,
12.8.2025

அக்காவுக்கு,

நலம். மாமா முதுகு எப்படி? நேற்றே போனில் சொன்னேன், எழுத்தில் கொடு என்றாய். கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோல்ட் ரூம் திறப்பு. அமைச்சர், ரிப்பன் எதுவும் கிடையாது. மெர்சி இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து சாவியை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "பெரியவரே, நீங்க தொறங்க." அப்பா பூட்டைத் திறந்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார். போட்டுவிட்டு, படியிலிருந்து இறங்கி, பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். எல்லாரும் உள்ளே போனோம், அவர் மட்டும் வெளியே.

மெர்சிதான் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க பெரியவரே, சாவியையும் நீங்களே வெச்சுக்கிட்டு எதுக்குங்க வெளிய நிக்கறீங்க?"

உள்ளே வந்தார். பெட்டி பெட்டியாகத் தக்காளி. ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "குடுத்து வெச்சதுக" என்றார்.

மத்தியானமே உன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். சாவியோடு. மறுநாள் விடியற்காலையில் மெர்சி என் கதவை உடைக்காத குறை. "கடைசில என்னையும் கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சுப்போட்டீங்களே சார்!" ரெண்டாவது சாவிக்குக் குழந்தையம்மாள் வீட்டுக்குப் போய்க் குரல் கொடுத்திருக்கிறார். அவர் சாவியை கேட்டின் மேல் வைக்கவில்லை. "இரு, நானும் வாரேன், உள்ள எப்படி இருக்குதுன்னு நான் நல்லாப் பாக்கவே இல்ல" என்று கூடவே நடந்து வந்தாராம்.

சாவியை உடனே அனுப்பு.

பிரவின்


சென்னிமலை,
14.8.2025

அன்புள்ள கண்ணு பிரவினுக்கு,

யாவரும் நலம். சாவி இந்தக் கடிதத்தோடு வருகிறது. மறந்து எடுத்து வந்தாரா, வேண்டுமென்று எடுத்து வந்தாரா என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

ஆபீஸுக்கு அவரே கொண்டுவந்தார். மகள் ஆபீஸ்தானே என்று நேராக உள்ளே வந்துவிடவில்லை, வரிசையில் நின்றார். வரிசையில் அவர் ஒருத்தர்தான். காப்பீடு செய்து பத்திரமாக அனுப்பணும் என்றார். அப்படியானால் மதிப்பு எழுதணும்பா என்றேன்.

"தொண்ணூத்தி நாலு ஊடுன்னு எழுது அம்மணி."

"ரூபாயில சொல்லணும்ப்பா."

"அப்ப ஒண்ணும் எழுதாத. சும்மாவே அனுப்பு."

உன் முகவரியை எழுதினேன். பின்கோடுக்கு ரிஜிஸ்டரைப் புரட்டப் போனேன். அதற்குள் அவரே ஆறு எண்ணையும் சொல்லிவிட்டார். எப்போது மனப்பாடம் செய்தாரோ தெரியவில்லை.

அக்கா